நாலு மணிக்கு வரும் பேய்

மூக்கின் மேல் ஓர் எறும்பு ஊர்ந்தது. நான் செத்துப்போயிருந்ததால் அதைத் தட்டிவிட முடியவில்லை.

மூங்கில் பாடை. கழுத்தில் சம்பங்கி மாலை. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. எங்கள் டீ பேக்டரி வாசலில், இலை மூட்டை இறக்கும் சிமெண்டுத் தரையில் என்னைக் கிடத்தியிருந்தார்கள். கீழிருந்து ஏறிய குளிர் முதுகில் ஒட்டிக்கொண்டு விடவில்லை. டைரக்டர் தம்பி எப்போது 'கட்' சொல்வான் என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

என்னைச் சுற்றிக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பாரி வைக்க வந்தவர்கள். ஆபீசில் தினமும் பார்க்கும் என்னை மாலையோடு பார்த்ததும் முதல் இரண்டு தடவையும் சிரித்துக் கெடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது தடவை புஷ்பம் பாட ஆரம்பித்தாள். அவள் குடும்பம் சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. தன் அம்மா செத்தபோது பாடியதை எனக்காகப் பாடினாள். கப்பல் ஏறி வந்தது, வந்த இடத்தில் குளிரில் நடுங்கியது, பெற்றவளைப் பறிகொடுத்தது என்று ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பாடினாள். சிரித்துக்கொண்டிருந்த பெண்களின் சத்தம் அடங்கியது. மூக்குறிஞ்சும் சத்தம் வந்தது. அப்புறம் நிஜமாகவே எல்லாரும் அழுதார்கள்.

எனக்கும் தாங்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது.

"அண்ணா, பொணம் அழுவுதுங்க!" என்று கேமராக்காரப் பையன் கத்தினான்.

"கட்! கட்!" டைரக்டர் தம்பி ஓடி வந்தான். "அக்கா, நீங்க செத்துட்டீங்கக்கா. செத்தவங்க அழுவக் கூடாதுங்க."

"நான் என்ன தம்பி பண்றது? அவ அப்படிப் பாடறா!"

நான் எழுதும் இந்தத் தொடரில் ஆபீசில் இலைக்கணக்கு எழுதிய கதை, கரடி வந்து ஸ்டோர் கதவைப் பெயர்த்த கதை எல்லாம் சொல்லியாயிற்று. நான் பேயாக நடித்த கதையை மட்டும் மகள் அனுமதி தரும்வரை ஒதுக்கி வைத்திருந்தேன். போன வாரம்தான் கிடைத்தது. அவள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. அந்தப் பாடையும் மாலையும் சேர்ந்து அவள் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தன.

கடிகாரம் கட்டிய பேய்

பேய்ப்படம் என்றால் எனக்கு உயிர். அதுவும் கையில் காசில்லாமல், முகத்தில் மாவைப் பூசி, கதவை நூல் கட்டி இழுத்து எடுக்கிற பேய்ப்படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். இதை ஒளித்துப் பேசும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

இந்தப் பைத்தியம் பிடித்தது கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில். காரமடைப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள் நான். ஆனி பிறந்ததும் இங்கே பிடித்த மழை ஆவணி வந்தும் விடவில்லை. துணி காயாது. தீப்பெட்டி பற்றாது. குன்னூருக்கு அப்பால், பேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. என் கணவர் அங்கே டீ மேக்கர். இலை எத்தனை நேரம் வாட வேண்டும், எப்போது அரைக்க வேண்டும் என்று மோந்து பார்த்தே சொல்லுகிற மனிதர். வீட்டில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். "சாப்பாடு ஆச்சுங்களா?" என்று என்னையே வாங்க போங்க என்று பேசுவார். கல்யாணம் செய்துகொண்டோமா, லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறோமா என்று எனக்கே சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து குவார்ட்டர்ஸில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்திருந்தார்கள். கொட்டுகிற மழையில் எல்லாரும் போர்வையோடு போய் உட்கார்ந்தோம். ஒரு பேய்ப்படம் போட்டார்கள். பெயர்கூட நினைவில்லை. ஜமீன் பங்களா, புயல், ஆடுகிற விளக்கு. பேய் மெதுவாகக் கையை நீட்டிக்கொண்டு கேமராவை நோக்கி வருகிறது. நான் போர்வையைக் கண்வரை இழுத்துக்கொண்டேன்.

அப்போது இருட்டில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல். "ஏனுங்க, பேய் வாட்ச் கட்டியிருக்குதுங்க."

பார்த்தேன். நீட்டிய கையில் தங்க நிறச் செயின் போட்ட கடிகாரம். வந்த சிரிப்பை அடக்கப் போர்வையை வாயில் திணித்துக்கொண்டேன். என் கணவர் அதோடு விடவில்லை. "ஷிப்ட் முடியற நேரம் பாக்குதாட்ட இருக்குது" என்றார். அதற்குமேல் தாங்காமல் நான் வெளியே ஓடி வந்து மழையில் நின்று சிரித்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். கல்யாணமாகி அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துச் சிரித்தோம். அந்தப் பேயை நான் எப்படி மறப்பேன்?

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் தேடித்தேடிப் பார்த்தது இந்தப் படங்களைத்தான். டெக் போய், டிவிடி வந்து போய், இப்போது செல்போன். பேய் மட்டும் அதே பேய்தான். சுவருக்குள் புகுந்து வரத் தெரிந்த பேய்க்குத் தாழ்ப்பாள் திறக்கத் தெரியாது. மந்திரவாதியின் தாடி ஒரு காட்சியில் நெஞ்சுவரை, அடுத்த காட்சியில் கழுத்துவரை. கால் இல்லாத பேய்க்கு எங்கே கொலுசு மாட்டினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆத்திரத்தில் அலைகிற ஆவி தலைமுடிக்கு மட்டும் பாங்காக ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டு வரும்.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். கேலியிலேயே கும்பிடும் இருக்கிறது. பெரிய படத்தில் பேய் வந்தால் பயம் வரும். சின்னப் படத்தில் பேய் வந்தால் பாசம் வரும். எப்படியாவது நம்மைப் பயமுறுத்திவிட வேண்டும் என்று அந்த மனிதர்கள் படுகிற பாடு கண்ணுக்குத் தெரியும். நூல் தெரிகிறது, இழுக்கிறவன் கையும் தெரிகிறது. தெரிந்தும் கதவு தானாகத் திறக்கும்போது ஒரு நொடி நெஞ்சு திக்கென்கிறது பாருங்கள், அதற்கு என்ன சொல்வது? எனக்கு அது பெரிய வித்தையாகத்தான் படுகிறது.

பர்லியாரில் இறங்கிய கதாநாயகி

இப்படி இருந்தவளின் பேக்டரிக்கே ஒரு பேய்ப்படக் கோஷ்டி வந்தால் எப்படி இருக்கும்?

பனி விழுந்து கொழுந்து கருகிப்போன ஒரு மாசி மாதம். இலை வரத்துக் குறைவு. மேல் தளத்தில் இலை வாட்டுகிற மாடி காலியாகக் கிடந்தது. நீளமான மரத்தரை, வரிசையாகக் கம்பிவலைத் தொட்டிகள், உடைந்த ஜன்னல். நடந்தாலே தரை முனகும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த டைரக்டர் தம்பி மேலே ஏறிப் பார்த்துவிட்டு அழாத குறையாக முதலாளியிடம் கெஞ்சினான். முதலாளியும் சரியென்றார்.

படத்தின் பெயர் 'கொழுந்துக்காட்டு மோகினி'. தோட்டத்துக்கு வாழ வந்த புதுப்பெண்ணைப் பங்களாக்காரன் கொன்றுவிடுகிறான். அவள் வாட்டுமாடியில் தங்கிப் பழி வாங்குகிறாள். ராத்திரியில் எடுக்க விளக்கு வாடகைக்குக் காசில்லை. மலையில் நாலு மணிக்கே மூடுபனி இறங்கி இருட்டிக்கொள்ளும் என்பதால், எங்கள் மோகினி நடுநிசியில் வர மாட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு டீ நேரத்துக்கு வருவாள். 'மணி நாலாச்சு, யாரும் வெளிய போகாதீங்க' என்று படத்தில் வசனமே உண்டு.

மோகினியாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி வளைவு ஆரம்பித்ததும் அதற்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. பர்லியாரில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, இனி ஒரு வளைவுகூட ஏற மாட்டேன் என்று சொல்லி, கீழே போகிற பஸ்ஸில் ஏறிப் போயே போய்விட்டது.

டைரக்டர் தம்பி எங்கள் ஆபீஸ் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நான் அவனுக்கு ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் கொடுத்து, "விடுங்க தம்பி, வேற ஆளு கிடைப்பாங்க" என்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் தலைமுடி அப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கும்.

"அக்கா, ஒருக்காத் திரும்பி நில்லுங்க" என்றான்.

சாயங்காலம் கணவரிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த தூளை மோந்து பார்த்தபடியே, "வாட்டுமாடிப் பலகை இத்துப் போச்சு. பாத்து நட, கீழ உழுந்துராத" என்றார். அவரளவில் அது சம்மதம். போகும்போது திரும்பி, "வாட்சைக் கழட்டி வெச்சுட்டுப் போ" என்றார்.

வாயில் ஐஸ்

முதல் நாளே சிக்கல். கோயமுத்தூரிலிருந்து டெம்போவில் புகை மிஷின் ஒன்று கொண்டு வந்திருந்தார்கள். குன்னூர் மலைக்குப் புகை மிஷின்! கொல்லன் தெருவுக்கு ஊசி விற்க வந்த கதைதான். மூடுபனி திமுதிமுவென்று ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. மிஷின்காரரோ, வந்துவிட்டேன், ஓட்டாமல் போக மாட்டேன் என்று ஓட்டுகிறார். பனியும் புகையும் கலந்ததில் கதாநாயகன் தூணில் முட்டி நெற்றி வீங்கியது. வீக்கத்தை மோகினி அடித்ததாகக் கதையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்தது வெள்ளைச் சேலை. மோகினி என்றால் வெள்ளைச் சேலைதானே? அதைக் கட்டி, முகத்துக்கு மாவு பூசி, நான் பனிக்குள் போய் நின்றேன். டைரக்டர் தம்பி டிவிப் பெட்டியில் பார்த்துவிட்டு, "அக்கா, எங்கிருக்கீங்க?" என்றான்.

"இங்கதான் தம்பி நிக்கறேன்."

"தலைமுடி மட்டுந்தான் தெரியுதுங்கக்கா. தனியா மிதக்குது."

அது பயமாகத்தான் இருந்ததாம். ஆனால் படம் முழுக்க முடியை வைத்தே ஓட்ட முடியாதே. பச்சைச் சேலை கட்டினால் தேயிலையில் மறைந்துபோனேன். கடைசியில் நானே வீட்டுக்குப் போய், பெட்டியின் அடியிலிருந்த சிவப்புப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். மோகினி புதுப்பெண்தானே, பொருத்தமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பனியில் தீ மாதிரித் தெரிகிறேன் என்று தம்பி குதித்தான். அது என் கூறைச்சேலை. தாலி கட்டும்போது உடுத்தியிருந்தது.

மூன்றாவது சிக்கலை யாரும் எதிர்பார்க்கவில்லை. குளிரில் பேசினால் வாயிலிருந்து ஆவி வருமல்லவா? மோகினி 'வந்துட்டேன்டா' என்று வாயைத் திறந்தால் புசுபுசுவென்று ஆவி. செத்தவளுக்கு மூச்சு ஏது? வாயில் ஐஸ் வைத்திருந்து, துப்பிவிட்டு உடனே பேசினால் ஆவி வராது என்று தம்பி எங்கோ படித்திருந்தான். பனி விழுகிற மாதத்தில் மலையில் ஐஸ் விற்பவர் யார்? மீன்காரரின் பெட்டியில்தான் இருந்தது. கழுவித்தான் கொடுத்தார்கள். இருந்தாலும் நான் பழிவாங்கிய அத்தனை பேரையும் வாயில் மத்தி மீன் வாசத்தோடுதான் பழிவாங்கினேன்.

உச்சக்கட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். மந்திரவாதியாக நடித்தவர் கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்திருப்பவர். தேயிலைக்காட்டு நடுவே நின்று எலுமிச்சம்பழத்தை எறிந்து, 'வாடி வெளியே!' என்று கத்தினார். நான் வருவதற்குள் பின்னாலிருந்த சோலையிலிருந்து ஒரு காட்டெருமை வந்து நின்றது. மந்திரவாதி உடுக்கையைப் போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தைக் கேமராக்காரப் பையன் விடாமல் எடுத்துவிட்டான். படத்தில் அப்படியே இருக்கிறது. மோகினி காட்டெருமையாக மாறும் காட்சி தத்ரூபம், மந்திரவாதியின் நடிப்பு அபாரம் என்று பார்த்தவர்கள் எழுதினார்கள்.

நான் அந்த நாட்களில் இருந்த மாதிரி சந்தோஷமாக அதற்கு முன் இருந்ததில்லை. வருஷக்கணக்காக ஆபீஸ் மூலையில் இலைக்கணக்கு எழுதியவள், உடைந்த ஜன்னல் பக்கம் முடியை விரித்துப்போட்டு நின்றதும் பத்துப் பேர் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அது ஒரு போதைதான்.

கூறைச்சேலை

படத்தை எந்தத் தியேட்டரும் வாங்கவில்லை. வருஷக்கணக்கில் கிடந்து, ஒருநாள் செல்போனில் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டார்கள். விளம்பரத்துக்கு என் முகத்தைப் போட்டிருந்தார்கள். வாயோரம் ரத்தம், கண்ணைச் சுற்றிக் கருப்பு. பெற்ற மகளே முதலில் அடையாளம் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எங்கள் குடும்பக் குரூப்பில் ஒரு புண்ணியவான் பாடைக் காட்சியை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டான். அதில் முகத்தில் பூச்சு இல்லை. மாலை, நெற்றிக்காசு, உடம்பில் கூறைச்சேலை.

சரியாக அந்த நேரத்தில் என் மகள் நித்யாவுக்கு வரன் கூடியிருந்தது. அவள் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை அரவிந்தும் அங்கேதான். இருவருக்கும் பிடித்துப்போய்ப் பெரியவர்களிடம் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை வீடு ஊட்டி காந்தலில். அப்பா இல்லை. அம்மா தேவகி தையல்கடை வைத்துப் பையனை ஆளாக்கியவர். சாமி, சகுனம், விரதம் எல்லாம் பார்க்கிற குடும்பம் என்று கேள்வி. ஒரு முறைதான் அவரைப் பார்த்திருந்தேன். அதிகம் பேசவில்லை.

எங்கள் பக்கத்தில் உப்புச்சர்க்கரை மாற்றினால்தான் பேச்சு உறுதி. உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டை இரு வீட்டாரும் கைமாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு நாள் குறித்திருந்தோம்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் என் நங்கையா, அதாவது கணவரின் அக்கா, மேட்டுப்பாளையத்திலிருந்து புயலாக வந்து இறங்கினார்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்குதா? சுமங்கலி செத்தா அந்தச் சேலையத்தானே போத்தி அனுப்புவாங்க! அதைக் கட்டிட்டு, மாலையும் போட்டுட்டு, பாடையில வேற படுத்திருக்கற. ஒப்பாரியும் வெச்சுட்டாங்க. இனி அந்தக் கையால உப்புச்சர்க்கரைத் தட்டு தொடுவியா?"

"அது நடிப்புங்க நங்கையா."

"நடிப்போ கிடிப்போ. சகுனத்துக்குத் தெரியுமா அது நடிப்புன்னு?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் நித்யா போனில் அழுதாள். "அம்மா, அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியலம்மா. கல்யாணம் முடியற வரைக்கும் அந்தப் படத்தைப் பத்தி வாயே தொறக்காத. அத்தை சொல்றபடி கேட்டுக்கம்மா. எனக்காக."

மகள் அழுதால் மோகினி என்ன செய்வாள்? சரியென்றேன். எனக்குக் கை சுளுக்கு என்று சொல்லிவிடுவது, நங்கையாவும் அவர் கணவரும் தட்டு மாற்றுவது என்று முடிவானது. என் மகளின் உப்புச்சர்க்கரைக்கு நான் சமையலறையில் நிற்க வேண்டும். அன்றைக்கு என் கணவர் சாப்பிடாமல் எழுந்து பேக்டரிக்குப் போனார். எனக்கு அந்தப் படத்தின் மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. என் மேலும் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். என்ன தப்புச் செய்தேன் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

சமையலறையில் இரண்டு பேர்

உப்புச்சர்க்கரைக்குக் குறித்த நாள் காலை நல்ல வெயில். காந்தலிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். நங்கையா வாசலிலேயே, "பொண்ணோட அம்மாவுக்குக் கை சுளுக்கிக்கிச்சுங்க, தட்டு தூக்க முடியாதுங்க" என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பக்கம் பெரியப்பாவும் பெரியம்மாவும் முன்னால் வந்து பாயில் உட்கார்ந்தார்கள்.

நான் சமையலறைக்கு வந்து, கொதித்த பால் குண்டாவை இரண்டு கையாலும் தூக்கி மேடைமேல் வைத்தேன். திரும்பினால் வாசலில் தேவகி நிற்கிறார்.

"ஏனுங்க, கை சுளுக்குன்னாங்க?"

மாட்டிக்கொண்டேன். பேச்சை மாற்ற, "நீங்க ஏனுங்க இங்க வந்துட்டீங்க? அங்க தட்டு மாத்தப் போறாங்களே" என்றேன்.

"என்னைய யாருங்க கூப்புடுவாங்க?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். "அவுங்க அப்பா போனதுலருந்து இப்படித்தானுங்க. நல்ல காரியம்னா நான் சமையல்கட்டுல நின்னுக்குவேன். பழகிப் போச்சுங்க. நீங்க சொல்லுங்க, உங்களுக்கு என்ன வந்துது? நீங்கதான் மகராசியா இருக்கறீங்களே."

என் மகள் அழுத குரல் காதில் இருந்தது. உண்மையைச் சொன்னால் வேன் அப்படியே திரும்பிப் போனாலும் போகும். பொய் சொல்லலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவர் கேட்ட விதத்தில் ஓர் அக்கறை இருந்தது. பெற்ற பிள்ளையின் நல்லதுக்கு வெளியே நிற்கிற ஒரு பெண்ணிடம், நானும் அதே மாதிரி நின்றுகொண்டு, எப்படிப் பொய் சொல்வது?

சொல்லிவிட்டேன். கூறைச்சேலை, மாலை, பாடை, ஒப்பாரி, படத்தின் பெயர், எல்லாவற்றையும். "உங்களுக்கு ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைங்க" என்று முடித்தேன். 

தேவகி என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் வந்தார். முந்தானையை ஒதுக்கி என் பின்னலை எடுத்துப் பார்த்தார்.

"கொழுந்துக்காட்டு மோகினி நீங்களா?"

"ஆமாங்க."

"அந்த எருமையாட்ட மாறுறது?"

"ஆமாங்க. ஆனா அது நெசமான எருமைங்க."

அவ்வளவுதான். மேடையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் சிரித்தார். சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தையல் மிஷின் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்துப் பேய்ப்படமாகத்தான் பார்ப்பாராம். எங்கள் படத்தை மட்டும் எத்தனை தடவை என்று கணக்கில்லையாம். பாடைக் காட்சி வந்தால் மட்டும் ஓட்டிவிடுவாராம், அதனால்தான் பூச்சில்லாத என் முகத்தைப் பார்த்ததில்லை. "அவுங்கப்பா போன பொறகு ஊட்டுல சிரிப்புச் சத்தமே இல்லீங்க. உங்களைப் பாத்துதானுங்க நெம்ப நாளைக்கப்புறம் சிரிச்சேன். பையன் உள்ளருந்து ஓடியாந்து என்னாச்சும்மான்னு கேட்டான்" என்றார்.

பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துப் பக்கம் பார்த்தார். அங்கே பெரியம்மா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க" என்றார் தேவகி.

"எங்கீங்க?"

 என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நித்யாவின் முகம் வெளுத்துப்போனது.

"அக்கா, தட்டை என்றகிட்டக் குடுங்க. நானும் இவங்களும் மாத்திக்கறோம்" என்றார் தேவகி.

"தேவகி, என்ன பண்ற நீ? நல்ல காரியத்துல..." என்றார் பெரியம்மா.

"படத்துல செத்தவங்களும் தொடக் கூடாது, புருசனைப் பறிகுடுத்தவளும் தொடக் கூடாது. அப்பறம் இந்தப் புள்ளைங்களைப் பெத்தது யாருங்கக்கா?"

 அரவிந்த் எழுந்து பெரியம்மாவிடமிருந்து தட்டை மெதுவாக வாங்கி, தன் அம்மாவிடம் கொடுத்தான். எங்கள் பக்கத்திலிருந்து என் கணவர்தான் எழுந்தார். தன் அக்காவின் மடியிலிருந்த தட்டை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

நங்கையா எழுந்து என்னிடம் வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் என் தோளில் சரிந்திருந்த முந்தானையைச் சரியாக இழுத்துவிட்டு, "நேரா நில்லு, போட்டோ எடுக்கறாங்க" என்றார். 

தேவகியும் நானும் எதிரெதிரே நின்று தட்டை மாற்றிக்கொண்டோம். தட்டும் தட்டும் இடித்ததில் உப்பு கொஞ்சம் தரையில் சிந்தியது. அபசகுனம் என்று சொல்ல அங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.